படுத்த படுக்கையாக இருக்கும் சகோதரி

இடுப்பெலும்பு உடைந்தது எனக்கு. பேர் வாங்கியது என் கணவர்.

மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக் கழிவறையில் வழுக்கி விழுந்தேன். ஆபரேஷன் செய்து, உள்ளே கம்பி வைத்து, பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றே அவர் சேவையில் இறங்கிவிட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒரு டம்ளரைக் கழுவி நான் பார்த்ததில்லை. அவர் இப்போது கஞ்சி ஆற்றினார், எனக்குத் தலை வாரினார், கட்டிலருகே கம்மோடு நாற்காலியை இழுத்துப்போட்டு, என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைத்தார். பார்க்க வந்தவர்கள் ரஸ்க்கையும் ஆப்பிளையும் மேசையில் வைத்துவிட்டு அவரையே வியந்து பார்த்தார்கள். "நீங்க குடுத்து வச்சவங்க டீச்சர்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. வெளியே சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் காலால் நடந்து கழிவறைக்குப் போய், கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தனியாக உட்கார வேண்டும். ஹாலில் விருந்தாளிகள் பேசிக்கொண்டிருக்கும்போது திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் கம்மோடில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஆசை புரியும்.

அதற்கு வழிசெய்ய ஒருத்தி வந்தாள். திரேஸ்புரத்துப் பெண், பிசியோதெரபிஸ்ட். தினமும் காலை பத்து மணிக்கு அவள் ஸ்கூட்டர் வாசலில் வந்து நிற்கும். முதல் நாளே என் இரண்டு தொடைகளையும் டேப்பால் அளந்து காட்டினாள். இடது தொடை வற்றிப்போயிருந்தது.

"நாற்காலி நுனிக்கு வாங்க டீச்சர். பாதத்தைப் பின்னால இழுங்க. மூக்கு கால்விரலுக்கு மேல வரணும். இப்பக் கைய ஊனி எந்திரிங்க."

வலியில் கண்ணீர் வந்தது. ஆனால் நின்றேன். என் கணவர் ஓடிவந்தார். அவள் அவரைத் தடுத்து, "தூக்காதிய சார். அவங்களா எந்திரிக்கணும். இப்ப விட்டா அந்தக் கால் படுக்கையையே பழகிக்கிடும்" என்றாள். அவர் தலையாட்டினார். அவள் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் மறுபடி அக்குளில் கையை விட்டார்.

மூன்றாவது வாரம் வாக்கரைப் பிடித்துக் கட்டிலிலிருந்து ஹால் ஜன்னல் வரை போய்த் திரும்பினேன். அந்த ஞாயிறு அவர் கோயிலுக்குப் போயிருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கோயில் ஆராதனையைப் போனில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபக்குறிப்பு வாசிக்கும் நேரம் வந்தது. "படுத்த படுக்கையாக இருக்கும் நம் சகோதரிக்காகவும், அவரைக் குழந்தையைப் போலத் தாங்கிவரும் அன்புச் சகோதரருக்காகவும் ஜெபிப்போம்" என்றார் போதகர். சபையே தலைகுனிந்தது. கேமரா திரும்பியபோது மூன்றாவது வரிசையில் என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் சபையில் ஜெபக்குறிப்பை வீட்டார்தான் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். போதகர் அதை அப்படியே வாசிப்பார். நடக்கிறவளைப் படுக்கவைத்து எழுதிய கை யாருடையது என்று நான் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பெண் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. என் கணவரிடம் கேட்டால், "அந்தப் பிள்ளைக்கு வீட்டுல ஏதோ விசேஷமாம்" என்றார். புதன்கிழமை நானே போன் செய்தேன்.

"சார்தான் டீச்சர் சொன்னாவ. உங்களுக்கு வலி தாங்கலையாம், ஒரு மாசம் போவட்டும்னு நீங்களே சொன்னியளாம்."

நான் சொன்னேனாம். உடம்பு என்னுடையது, கால் என்னுடையது, பேச்சு மட்டும் அவருடையதாகிவிட்டது. கோபம் வந்தது. அவர் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார்.

"அதக் கீழ வைங்க. அந்தப் பிள்ளைய ஏன் நிறுத்துனீங்க?"

"ஏளா, நீ அழுதியே. என்னால பாக்க முடியல."

"பிள்ள பெறும்போதுந்தான் அழுதேன். பாதியில நிறுத்தச் சொன்னீங்களா?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்குக் கதவ உடைச்சுத்தான் உள்ள வந்தேன். நீ தாழ் போட்டிருந்த. எத்தன தடவ கூப்பிட்டேன், சத்தமே இல்ல. நீ போய்ட்டேன்னே நெனச்சேன்ளா. இனி உன்ன ஒத்தையில விட எனக்குத் தைரியம் இல்ல."

பாவமாகத்தான் இருந்தது. அதற்காகக் கோபம் போய்விடவில்லை. பயம் அவருக்கு, படுக்கை எனக்கா? இது என்ன நியாயம்? மறுநாளே அந்தப் பெண்ணை வரவழைத்தேன். கழிவறைச் சுவரில் கைப்பிடி வைக்கச் சொன்னாள், உட்காரும் இடத்தை உயர்த்தச் சொன்னாள். இரண்டையும் அவர் மறுபேச்சில்லாமல் செய்தார்.

இன்னும் இரண்டு வாரம் கழித்து, ஒரு காலையில், வாக்கரோடு கழிவறைக்குப் போனேன். கோழி பிடிக்கிறவர் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைத் தேடிக் கை மேலும் கீழும் போயிற்று. அன்று உடைத்ததற்குப் பதிலாகப் போட்ட புதுக் கதவு, வழவழவென்று வெறும் பலகை.

"தாழ்ப்பாள் எங்க?"

"வைக்க வேண்டாம்னு ஆசாரிட்ட நான்தான் சொன்னேன்" என்றார் வெளியிலிருந்து.

கைப்பிடியைப் பிடித்து உட்கார்ந்தேன். "கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

"நீ வெளிய வா. அப்புறம் போறேன்."

"நீங்க போனாத்தான் நான் எந்திரிப்பேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சுவிடுவது கேட்டது. செருப்பு மாட்டும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு வண்டி கிளம்பியது. நுனிக்கு வந்தேன், பாதத்தை இழுத்தேன், மூக்கு கால்விரலுக்கு மேல் வரக் குனிந்தேன், கையை ஊன்றி எழுந்தேன். வீட்டில் என்னைப் பிடிக்க யாரும் இல்லை.

அவர் திரும்பியபோது நான் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காகிதப் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்று, என்னைப் பார்த்தார், கழிவறைக் கதவைப் பார்த்தார், இரண்டுக்கும் நடுவில் இருந்த தரையைப் பார்த்தார்.

"விழலியா?" என்றார்.

"உள்பக்கமா மாட்டுங்க" என்றேன்.