பலகைக்கு அந்தப் பக்கம்

மதுரை ரயிலுக்காகச் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் நின்றபோதுதான் அந்த மனிதரைப் பார்த்தேன். புருவத்தில் தறிக்கூடத்துப் பஞ்சு ஒட்டியிருந்தது. கஞ்சாப் பழக்கத்தை நிறுத்த மதுரையில் மறுவாழ்வு மையத்தில் சேர்த்திருக்கும் தம்பியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி, நானே அவரிடம் வாயைக் கொடுத்தேன்.

"கஞ்சாவ கவர்மெண்டே கடை போட்டு விக்கணும் அண்ணாச்சி. தடை போடுததாலதான் ஆசையே வருது. தெறந்துவிட்டா ஒருத்தனும் தொடமாட்டான்," என்றார்.

ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது.

பேச்சுக்கு நடுவே இரண்டு முறை, 'புகை பிடிக்காதீர்' பலகையைத் தாண்டி, வாசலுக்கு வெளியே போய் பீடி குடித்துவிட்டு வந்தார்.

"ஏன் வே, அங்கன போறீரு?"

"இங்கன குடிச்சா ஃபைன் போடுவான்லா."

"அந்தப் பலகையக் கழத்திட்டா?"

"இங்கனயே உக்காந்து நாலு குடிப்பேன்," என்றார், யோசிக்காமல்.

"அப்பம் தெறந்துவிட்டா ஒருத்தனும் தொடமாட்டான், என்னா?"

அவர் முகம் சுருங்கியது. பீடிக்கட்டை மடியில் செருகினார்.

"சரி வே. ஒம்ம தம்பிக்குத் தடை இருந்துச்சுல்லா?"

ரயில் வந்துவிட்டது. அந்த ஆள் மேல் இன்றைக்கும் எனக்குக் கோபம் தீரவில்லை. மடக்கியது நான்தான். அவரை விட்டு வேறு பெட்டியில் ஏறிக்கொண்டதும் நான்தான்.