முதுகு பிடித்த நாளில் சொன்ன வார்த்தை

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம், சம்பாப் பயிர் பச்சை பிடித்து நின்ற நேரம். பூதலூர் பக்கத்தில் எங்கள் கிராமம். காலையில் காபி டம்ளரை வாங்கக் கையை நீட்டிய என் கணவர், 'ஆ' என்று அலறி அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் கத்தியால் குத்துவதுபோல வலிக்கிறதாம். மூச்சை இழுத்தால் இன்னும் அதிகமாகிறதாம். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

கொஞ்ச நாளைக்கு முன்புதான் எங்கள் தெருவில் ஒருவர், வாயுப்பிடிப்பு என்று கஷாயம் குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அது நினைவுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு அண்ணனிடம் ஓடினேன். அவர் சட்டைகூடப் போடாமல் காரை எடுத்துவிட்டார்.

தஞ்சாவூர் போகும் வழியெல்லாம் இவர் என் கையை விடவே இல்லை. வீட்டில் பத்து வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாத மனிதர், அன்று பேசினார்.

"மோட்டார் ஷெட்டு சாவி சாமி படத்துக்குப் பின்னாடி இருக்கு. பட்டா பீரோ மேல் தட்டுல இருக்கு."

"ஒண்ணும் ஆகாதுங்க, பேசாம வாங்க."

"இரு, சொல்லிடுறேன். பொண்ணு பாக்க வந்தன்னைக்கே, கட்டினா உன்னத்தான் கட்டணும்னு முடிவு பண்ணிட்டேன். இத்தனை வருஷமா சொல்ல வெக்கமா இருந்துச்சு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முன்னால் அண்ணன் இருமினார்.

மருத்துவமனையில் இ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். டாக்டர் அம்மா வந்து, இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லை என்றார். பிறகு முதுகை விரலால் தடவிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் அழுத்த, இவர் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து என்ன வேலை பாத்தீங்க?"

"வயலுக்கு மருந்தடிச்சேங்க. முதுகுல மாட்டுற டேங்க்கு வார் ஒண்ணு அந்துடுச்சு. ஒத்தைத் தோள்லயே மாட்டிக்கிட்டு அடிச்சிட்டேன்."

"அப்புறம்?"

"படுத்துக்கிட்டு செல்போன் பாத்தேன்."

எப்படி என்று செய்துகாட்டச் சொன்னார். இவர் தலையணைமேல் தலையணை வைத்துக் கழுத்தை மடக்கிக் காட்ட, டாக்டர் சிரித்துவிட்டார்.

"சதை பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். ஆனா உடனே வந்தீங்க பாருங்க, அதான் சரி. இப்படி வலியோட வேர்த்துக் கொட்டினா வீட்டுல உக்காந்து வைத்தியம் பாக்கக் கூடாது."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிசியோதெரபி அறையில் ஒத்தடம் வைத்து, தோள்களைப் பின்னுக்கு இழுத்து நெஞ்சை நிமிர்த்தும் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார்கள். கனமான எதையும் கொஞ்ச நாளைக்குத் தூக்கக் கூடாது, வாரைத் தைக்காமல் டேங்கைத் தொடவே கூடாது என்று உத்தரவு.

திரும்பும்போது இவர் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை. வல்லம் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"வரும்போது நான் ஏதாச்சும் உளறினேனா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா, ஏசி சத்தம்" என்றார் அண்ணன். அவர் காரில் ஏசி ரிப்பேராகி ஒரு வருஷம் ஆகிறது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

வலி சில வாரங்களில் போய்விட்டது. இன்றும் காலையில் சுவரோடு சுவராக நின்று பயிற்சி செய்கிறார். நானும் கூட நிற்கிறேன். மனதில் இருக்கும் பிரியத்தைச் சொல்ல ஆஸ்பத்திரி போகும் நாள்வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை என்று அன்று தோன்றியது. அதனால் யாரைப் பற்றி நல்லதாக ஏதாவது நினைத்தாலும் அதை அவர்களிடமே அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.