ஜனாதிபதி பிறக்க வேண்டிய ஊர்

அம்மாவின் வயிற்றுக்குள் இருப்பது சுவிஸ் நாட்டின் ஜனாதிபதி என்று நான் நம்பினேன். ஏதோ ஒரு நாள் நம்பிவிட்டு அடுத்த நாள் மறந்தவன் அல்ல. ஒரு குளிர்கால மாதத்தின் நல்ல பாதியை அந்த நம்பிக்கையிலேயே கழித்தேன். அம்மா இருமினால் ஓடிப்போய்ப் பார்ப்பேன், ஜனாதிபதிக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று. எனக்கு அப்போது எட்டு வயது. அந்த வயதில் இப்படி நம்புவது குற்றமில்லைதான். ஆனால் அந்த நம்பிக்கையோடு நான் ஆடிய கூத்து இருக்கிறதே, அதைச் சொன்னால் என் பிள்ளைகள் இன்றைக்கும் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிஸின் துன் நகரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தின் மேல்மாடியில் இருந்தோம். அப்பாவும் சித்தப்பாவும் ஏரிக்கரையில் ஒரே ஹோட்டலில் வேலை. அப்பா மரக்கறி வெட்டுவார். அவருடைய தம்பியான சித்தப்பா கோப்பை கழுவுவார். கொழும்பில் சட்டம் படித்துக்கொண்டிருந்தவர் அவர். கலவரத்தோடு படிப்பை அரைவாசியில் விட்டுவிட்டு, எங்களுக்கு முன்பே இங்கே ஓடி வந்திருந்தார். முன்பே வந்ததால் அவருடைய அகதிக் கேஸை முன்பே எடுத்தார்கள். முன்பே ‘நெகட்டிவ்’ கொடுத்தார்கள். மேல்முறையீட்டுக்கும் அதே பதில். மாத முடிவுக்குள் நாட்டை விட்டுப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் கேஸ் மட்டும் யாரோ ஒருவருடைய மேசையில் இன்னும் கிடந்தது.

இது அம்மாவுக்குத் தெரியாது. வயிற்றுப்பிள்ளைக்காரி, பயந்துபோவாள் என்று அப்பாவும் சித்தப்பாவும் மறைத்துவிட்டார்கள். இரண்டு பேரும் குளிரில் பல்கனியில் நின்று கதைத்ததை யன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதால் எனக்குத் தெரியும். சித்தப்பாவைப் பார்த்தால் இப்படியொரு உத்தரவு வந்திருக்கிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த மாதம் முழுக்க மூடுபனி. ஏரியும் தெரியாது, மலையும் தெரியாது. “எனக்குக் காட்டினது போதுமெண்டு திரையை இழுத்து மூடிப்போட்டாங்கள்” என்று சொல்லிச் சிரிப்பார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். அப்பா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார்.

தேவாலயத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் அந்த நாட்களில் வியாழன் பின்னேரங்களில் ஒரு கூட்டம் நடந்தது. அமெரிக்க ஜனாதிபதிகளின் வாழ்க்கை, அவர்களுடைய அரசியலமைப்புச் சட்டம், இவை பற்றி ஆங்கிலத்தில் பொதுக் கலந்துரையாடல். யாரும் வரலாம். சுவிஸ்காரர் ஒருவரைக் கட்டி இங்கே வந்து விதவையாகிப்போன ஓர் அமெரிக்கப் பெண்மணி அதை நடத்தினார். பேசுகிறவர் ஒரு வயதான பேராசிரியர். கழுத்தில் வண்ணத்துப்பூச்சி உட்கார்ந்த மாதிரி ஒரு டை. இதைக் கேட்கத் துன்னில் யார் வருவார்கள்? ஆங்கிலம் மறந்துவிடக் கூடாது என்று கவலைப்பட்ட சில கிழவர்கள், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சுவிஸ் வக்கீல், சித்தப்பா, நான்.

சித்தப்பாவுக்கு ஜெர்மன் மொழியில் தெரிந்ததெல்லாம் தட்டு, கரண்டி, கெதியாய், மன்னிக்கவும் ஆகிய நான்கு வார்த்தைகள்தான். ஆங்கிலத்தில்தான் அவர் முழு மனிதர். மண்டபத்துக்குள் நுழையும்போதே முதுகு நிமிரும். அப்படியானால் நான் எதற்கு? கையில் பிள்ளையோடு போகிறவனைப் பொலிஸ்காரன் மறித்துக் கேட்கமாட்டான் என்பது அந்தக் காலத்து எங்கள் ஆட்களின் கண்டுபிடிப்பு. ஆக, நான் ஒரு நடமாடும் விசா. சம்பளமாக ஒரு துண்டு கேக் கிடைத்தது.

எனக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. சித்தப்பா காதுக்குள் தமிழாக்கித் தருவார். ஒரு ஜனாதிபதி மரக்குற்றிகளால் கட்டிய வீட்டில் பிறந்து, கடைசியில் நாடகக் கொட்டகையில் சுடப்பட்டார். துன்னைச் சுற்றி மலையெல்லாம் மரவீடுகள் என்பதால், இங்கே எத்தனை ஜனாதிபதிகள் வளர்ந்துகொண்டிருக்கிறார்களோ என்று நான் யோசித்தேன். இன்னொருவர் பதவியேற்ற அன்று கோட்டும் போடாமல் குளிருக்குள் நின்று மணிக்கணக்காகப் பேசி, ஒரு மாதத்தில் செத்துப்போனார். “இதுதானடா சொல்லுறது, தொப்பியைப் போடெண்டு” என்றார் சித்தப்பா. அன்று தொடக்கம் நான் கட்டிலிலும் தொப்பியோடுதான் படுத்தேன்.

அடுத்த வியாழன் யார் ஜனாதிபதியாகலாம் என்பது பற்றிக் கதைத்தார்கள். பிறப்பாலேயே அந்த நாட்டுப் பிரஜையாக இருக்கவேண்டும். பெற்றவர்கள் எங்கிருந்து வந்தவர்களாக இருந்தாலும், அந்த மண்ணில் பிறந்த பிள்ளை அந்த நாட்டுப் பிள்ளை. அதை அவர்களுடைய சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்களாம். சித்தப்பா இதைச் சொல்லும்போது குரல் மாறியது. காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினார்.

அதுவரை அந்த மண்டபத்தில் அவர் வாய் திறந்ததில்லை. எழும்பி நின்று ஏதோ கேட்டார். சின்னக் கேள்விதான். கோப்பைக்குள் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்த கிழவர்கூடக் கலக்குவதை விட்டுவிட்டார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டு, மெதுவாக ஏதோ சொன்னார். பிறகு சுவிஸ் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் நிலத்தைப் பார்த்தபடி இரண்டு வசனம் சொன்னார். கூட்டம் முடிந்ததும் பேராசிரியர் எங்களிடம் வந்து சித்தப்பாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கனநேரம் குலுக்கினார். அமெரிக்கப் பெண்மணி மிஞ்சிய கேக் முழுவதையும் சுற்றித் தந்தார்.

நான் வெளியில் வந்ததும் கேட்டேன். “என்னவாம்?”

சித்தப்பா சிகரெட் பற்றவைத்தார். “ஓமாம்” என்றார்.

“என்ன ஓமாம்?”

“இங்கயும் அப்பிடித்தானாம்.”

“அப்ப தங்கச்சி பிறந்தா?”

“அவள் சுவிஸ்காறி. பிறகு எங்களை ஒருத்தரும் அசைக்கேலாது.”

“ஜனாதிபதியும் ஆகலாமோ?”

“பின்ன? இங்க ஏழுபேர் சேர்ந்து ஆளுறாங்கள். வருசத்துக்கு ஒராள் ஜனாதிபதி. முறை வைச்சு வரும், எங்கட கட்டிடத்தில உடுப்புத் தோய்க்கிற நாள் மாதிரி.” பிறகு ஒரு விரலைத் தூக்கினார். “வீட்டில சொல்லிப்போடாதை. கண்ணூறு படும்.”

நான் ஏன் சந்தேகப்படவேண்டும்? இல்லை என்று சொல்கிற மனிதர்கள் இரண்டு கைகளாலும் கை குலுக்குவதை நான் கண்டதில்லை. எங்கள் வீட்டில் அம்மா ‘இல்லை’ என்று சொல்லும்போது தூக்குவது அகப்பையைத்தான்.

ஆகவே திட்டம் தெளிவாக இருந்தது. தங்கச்சி மாத முடிவுக்குள் பிறக்கவேண்டும். இங்கே பிறக்கவேண்டும். (தம்பியாக இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அமெரிக்காவில் எல்லோரும் ஆண்களாக இருந்ததால் சுவிஸ் கொஞ்சம் வித்தியாசமாகச் செய்யும் என்று நினைத்திருக்கலாம்.) இரவில் அம்மாவின் வயிற்றுக்குப் பக்கத்தில் படுத்து, கெதியாய் வா, கெதியாய் வா என்று சொல்லிக்கொடுத்தேன். அப்போதுதான் அந்த இடி விழுந்தது. அம்மா பிள்ளைப்பேறுக்கு நொஷாட்டலுக்குப் போகப்போகிறாளாம்.

பிள்ளைப்பேறு என்றால் பெண் தாய்வீட்டுக்குப் போகவேண்டும். அம்மாவின் தாய்வீட்டைச் சுற்றி அப்போது ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அதனால் நொஷாட்டலில் ஒரு அறையும் ஒரு குசினியுமாக இருந்த பெரியம்மாவின் வீடு தாய்வீடாகப் பதவியேற்றது. சரக்கு அரைத்துப் பத்தியக் கறி வைக்க அங்கேதான் ஆள் இருந்தது. சனிக்கிழமை காலை ரயில்.

நொஷாட்டல் சுவிஸிலேயே பிரெஞ்சு பேசுகிற ஊர் என்பது எனக்கு அப்போது தெரியாது. அங்கே நான் ஒரு தடவை போயிருக்கிறேன். ரயிலிலேயே அறிவிப்பு பிரெஞ்சுக்கு மாறிவிட்டது. பெரியம்மாவின் மகள் கடைக்காரனிடம் ‘மெர்சி’ என்றாள். மொழி மாறினால் நாடு மாறிவிட்டது என்பதுதான் நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பூகோளம். எங்கள் ஊரில் மொழி மாறுகிற இடத்தில் ஆமி நிற்கும், இறக்கிச் சோதிக்கும். இங்கே ஆமி நிற்காததை நான் சுவிஸ்காரரின் கவனக்குறைவு என்றுதான் எடுத்துக்கொண்டேன். தங்கச்சி நொஷாட்டலில் பிறந்தால் பிரெஞ்சுக்காரி. பிரெஞ்சுக்காரியால் துன்னில் இருக்கிற சித்தப்பாவை எப்படிக் காப்பாற்ற முடியும்?

சனிக்கிழமை விடிந்ததும் அம்மாவின் குளிர்ச் சப்பாத்தில் ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு நிலவறைக்கு ஓடினேன். அங்கே கட்டிடத்துக்கே பொதுவான உடுப்புத் தோய்க்கிற மெஷின். சப்பாத்தை அதற்குள் ஆழமாகத் தள்ளி மூடிவிட்டு வந்தேன். ஒரு ராஜதந்திரியின் நிதானத்தோடு பாண் சாப்பிட்டேன்.

மேலே வீடு தலைகீழானது. அப்பா கட்டிலைத் தூக்கிப் பார்த்தார். சித்தப்பா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, “இதுக்க இல்லை அண்ணை” என்றார். அம்மா ஒரு காலில் சப்பாத்தோடு கதிரையில் இருந்து, “வெறுங்காலோட போனாலும் ரயிலை விடமாட்டன்” என்றாள். நான் தொப்பிக்குள் வியர்த்தேன்.

அப்போது கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு அம்மா நின்றார். சனிக்கிழமை அவருடைய தோய்க்கிற முறை என்பதை ராஜதந்திரி மறந்துபோயிருந்தான். ஒரு கையில் தண்ணீர் சொட்டும் சப்பாத்து. மறு கையில் மண்ணிற வரி ஓடிய ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. அவர் என்னை மட்டும் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“ஏன்டா அதுக்குள்ள கொண்டுபோய்ப் போட்டனீ?” என்று அப்பா கையை ஓங்கினார்.

அடிக்குப் பயந்த பிள்ளை நாலு நாட்டு இரகசியத்தையும் கக்கும். நானும் கக்கினேன். “அம்மா பிரான்சுக்குப் போகக்கூடாது! தங்கச்சி இங்கதான் பிறக்கோணும்! இல்லாட்டிச் சித்தப்பாவைச் சிலோனுக்கு அனுப்பிப்போடுவாங்கள்!”

அப்பாவின் கை அப்படியே நின்றது. கீழ்வீட்டு அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் சப்பாத்தை வாசலில் மெதுவாக வைத்துவிட்டு, விரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

“தம்பி” என்றாள் அம்மா. சித்தப்பாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். “எப்பவாம்?”

“மாச முடிவுக்கெண்டு சொன்னவங்கள், அண்ணி. பாப்பம்.”

“இவன் என்ன சொல்லுறான், தங்கச்சி இங்க பிறந்தா எண்டு?”

“அது நான் பகிடிக்குச் சொன்னனான்” என்று சித்தப்பா சிரித்தார். அந்த வீட்டில் அவருடைய பகிடிக்கு ஒருவரும் சிரிக்காமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அம்மா குனிய முடியாமல் குனிந்து மற்றச் சப்பாத்தையும் கழற்றினாள். “நான் ஓரிடமும் போகேல்லை” என்றாள்.

எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. அடியும் விழவில்லை, அம்மாவும் போகவில்லை! பகிடி என்று சித்தப்பா சொன்னது கண்ணூறுக்குப் பயந்துதான் என்று முடிவுகட்டினேன். அவரைப் படிக்கட்டில் தனியாகப் பிடித்து, “அந்தப் பூச்சி டைக்காரர் சொன்னது உண்மைதானே?” என்று கேட்டேன். அவர் என் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டு, “நல்லா வழக்குப் பேசினாயடா, சட்டத்தரணி” என்றார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு ஓம் என்றுதான் கேட்டது.

மாதம் முடிய முன்பே, மூடுபனி இன்னும் விலகாத ஒரு காலையில் துன் ஆஸ்பத்திரியில் தங்கச்சி பிறந்தாள். நான் தாழ்வாரத்தில் துள்ளிய துள்ளலில் தாதி வந்து வாயில் விரல் வைத்தாள். இந்த ஆஸ்பத்திரியில் யார் பிறந்திருக்கிறார்கள் என்று தெரியாமல் விரல் வைக்கிறாளே என்று நினைத்தேன்.

சித்தப்பா வேலையிலிருந்து நேரே வந்தார். வெந்நீரில் ஊறி வெளிறிய கைகளைக் காற்சட்டையில் துடைத்து, பிள்ளையை வாங்கினார். “அதிமேதகு ஜனாதிபதி அவர்களே” என்று தொடங்கினார். யன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் என் தங்கச்சிக்கு ஏரியைக் காட்டுகிறார் என்று நினைத்தேன். யன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, நானே ஒரு தகப்பனாகிப் பிறப்புப் பதிவுக்கு அலைந்தபோதுதான் அப்பா இதைச் சொன்னார். அந்த வியாழன் பேராசிரியர் சொன்ன பதில் இல்லை என்பதுதான். அமெரிக்காவில் மண் கணக்கு, இங்கே பெற்றவர்களின் கணக்கு. வக்கீல் சொன்னதும் அதையேதான். சித்தப்பா அன்றே அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். “தெரிஞ்சுகொண்டு ஏன்டா போய்க் கேட்டனீ?” என்று அப்பா ஏசியிருக்கிறார். “ஆராவது ஓம் எண்டு சொல்லுவினமோ எண்டு பாத்தன் அண்ணை” என்றாராம்.

தங்கச்சி பிறந்து அடுத்த கிழமை, நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, சாதாரண உடுப்பில் இரண்டு பொலிஸ்காரர்கள் வந்து சித்தப்பாவை அழைத்துப் போனார்கள். சூரிச்சிலிருந்து விமானம் ஏற்றினார்கள். தங்கச்சி இலங்கைப் பிரஜை என்று பதியப்பட்டாள். கொழும்பில் இறங்கியதாகச் சித்தப்பாவிடமிருந்து ஒரு தொலைபேசி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.