செடிக்கு அடிக்கிற மருந்து

சூப்பர்வைசர் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கியது மரியாதை இல்லைதான். ஆனாலும் மறுபடி பிடுங்குவேன்.

போடியில் ஏலக்காய் பொறுக்கும் கடையில் எனக்கு வேலை. அங்கே எலி பிடிக்க ஒரு பூனை உண்டு. அதற்குச் சொறி வந்து, காதெல்லாம் பொருக்குத் தட்டிப்போனது. ஒரு நாள் சூப்பர்வைசர் எஸ்டேட்டிலிருந்து பாட்டிலோடு வந்தார்.

"ஏலச்செடியில இலைப்பேனையே கொல்லுற மருந்து. பூனைச் சொறி எம்மாத்திரம்? வெரசா தடவு."

அந்த மருந்தை அடித்துவிட்டு மலையிலிருந்து இறங்கும் நாளெல்லாம் என் வீட்டுக்காரர் தலை சுற்றிப் படுத்துவிடுவார். பூனையோ உடம்பை நக்கி நக்கியே சுத்தம் செய்யும். எங்கள் ஊரில் ஒருத்தி மருந்து குடித்துவிட்டாள் என்றால், காய்ச்சலுக்குக் குடித்தாள் என்று யாரும் நினைப்பதில்லை.

பிடுங்கினேன். "அண்ணே, மொதல்ல ஒங்க கையில தடவி நக்கிக் காட்டுங்க. பெறகு பூனைக்குத் தடவுறேன்."

பொறுக்கிக்கொண்டிருந்த அத்தனை கைகளும் நின்றன.

"சோலி பாக்க வந்தியா, பூனை மேய்க்க வந்தியா?" என்று கத்தினார்.

பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தேன். பசுவையும் ஆட்டையும் பிடித்துக்கொண்டு நின்ற வரிசையே என்னைப் பார்த்துச் சிரித்தது. டாக்டர் சிரிக்கவில்லை. தோலைச் சுரண்டிப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாத பூச்சி என்று சொல்லி ஊசி போட்டார். பாட்டில் விஷயத்தைச் சொன்னதும், "அதைத் தடவியிருந்தா செத்திருக்கும்மா" என்றார்.

பூனைக்கு முடி முளைத்துவிட்டது. சூப்பர்வைசர் இப்போதும் எதற்காவது மருந்து என்று வாயெடுத்தால், நான் கேட்டுவிடுகிறேன்:

"பொழைக்கவாண்ணே, சாகவா?"