முந்நூற்றுப் பதினெட்டாம் கொக்கி

மொந்தேவிதேயோவில் வியாழக்கிழமை மூன்று மணிக்கு சுகாஸ்தி ஏலக்கடை திறக்கும். புதியவர்கள் முன்வரிசை நாற்காலிகளைப் பிடிப்பார்கள். பழக்கப்பட்டவர்கள் பின்னால் போய் நிற்பார்கள். எதிராளியின் பிடரி தெரிந்தால்தான் அவன் எவ்வளவு தூரம் போவான் என்று கணிக்க முடியும். நெல்சா பென்தங்கூருக்கு இடது பக்கத் தூண். இருபது வருடமாக அதே தூண், அதே பழுப்புக் கம்பளிச் சட்டை, இடது கக்கத்தில் அதே வெந்நீர் பிளாஸ்க், கையில் மாத்தே என்கிற கசப்பு மூலிகைத் தேநீர் குடிக்கும் குடுவை.

பேரம் முழுவதையும் அந்த பிளாஸ்க்தான் பேசும். உருப்படி மேடை ஏறியதும் நெல்சா குடுவையை ஒரு தடவை உயர்த்துவார், அது ஆரம்பம். பிளாஸ்க் கக்கத்தில் இருக்கும்வரை ஏலத்தில் இருக்கிறார், தரையில் வைத்துவிட்டால் விலகிவிட்டார். ஏலக்காரர் அனிபால் சுகாஸ்தியோடு அவர் செய்துகொண்ட ஏற்பாடு இது. கை தூக்காததற்குக் காரணம் கூச்சம் இல்லை. நெல்சா கேட்கிறார் என்று தெரிந்தால் பாதிக் கடை அவர் பின்னாலேயே கேட்கும்.

கெட்டில் விவகாரத்துக்குப் பிறகு வந்த நிலைமை அது. அடுப்புக்கு அடிக்கிற கறுப்புப் பெயின்ட் பூசிய கெட்டில் ஒன்றை யாரும் சீண்டாதபோது இருநூறு பெசோவுக்கு வாங்கிப் போனார். சுரண்டினால் அத்தனையும் வெள்ளி. எப்படித் தெரிந்தது என்று கடையே சூழ்ந்துகொண்டு கேட்டது.

"தூக்கிப் பார்த்தேன், கனத்துச்சு. நீங்க யாரும் தூக்கல."

முப்பத்தொரு வருடம் செரோ - பழைய நகரம் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர் அவர். டிக்கெட்டைக் கிழிக்கும்போதே யார் எந்த நிறுத்தத்தில் இறங்குவார் என்று சொல்லிவிடுவார். ஏலத்திலும் அதே கண்தான். "அந்த நீலச் சட்டை நாலாயிரத்துல இறங்கிருவான், பாரு" என்பார். நீலச் சட்டை நாலாயிரத்தில் இறங்கிவிடும்.

வீட்டின் காரேஜில் கார் கிடையாது. செரோ பகுதியில் ஒரு காலத்தில் இருந்த இறைச்சி ஆலையின் பொருள்கள் இருக்கின்றன. வெட்டுக் கத்திகள், மர அடி வைத்த காலணிகள், மாட்டு நாக்கு டின்னில் ஒட்டிய லேபிள்கள், காலை ஐந்து மணிக்கு ஊரை எழுப்பிய சங்கு. எல்லாம் ஏலத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்தவை. ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்து வைப்பார், யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். சங்கை ஊத மட்டும் விட மாட்டார். ஒரு தடவை ஊதியதில் போலீஸ் வந்துவிட்டது.

இந்தக் கதைக்கு இன்னொரு ஆள் வேண்டும். ரொகேலியோ கின்தேலா, பழம்பொருள் வியாபாரி, அறுபத்தைந்து வயது. கடை ஒரு நடைபாதை அகலம்தான் இருக்கும். பிளாஸ்க் ரகசியத்தைப் பதினோரு வருடம் கவனித்துக் கண்டுபிடித்தவர் அவர். அன்றிலிருந்து நாற்காலியைக் குறுக்காகப் போட்டு, ஒரு கண்ணை மேடையிலும் மறு கண்ணைத் தூணிலும் வைத்துக்கொண்டார். நெல்சா கேட்டால் அவரும் கேட்பார். தான் கவனிக்கப்படுவது நெல்சாவுக்கும் தெரியும்.

அந்தக் கடையில் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. முழு செட்டை யாரும் பிரிப்பதில்லை. பன்னிரண்டு கோப்பையில் ஒன்று குறைந்தால் பதினொன்றும் சாயங்காலத்துக்குள் பதினொரு வீட்டுக்குப் போய்விடும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பன்னிரண்டும் இருந்தால் கை வைக்க மாட்டார்கள். முப்பத்திரண்டு காயும் சரியாக இருந்த ஒரு சதுரங்க செட்டை கின்தேலா ஒன்பது வருடம் சுமந்தார். குதிரைகளை மட்டும் கொடு என்று நல்ல விலை சொன்னவர்களையெல்லாம் வாசலோடு அனுப்பினார். சண்டைக்காரர், கஞ்சர், ஆனால் அந்த விஷயத்தில் மட்டும் நேர்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பலகை ஏலத்துக்கு வந்தது.

ஏலத்துக்கு முன் செவ்வாய்க்கிழமை பொருள்களைப் பார்வைக்கு வைப்பார்கள். பின்சுவரை அடைத்துக்கொண்டு நாலு மீட்டர் நீளப் பலகை நின்றது. பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு முப்பத்தைந்து கொக்கி, ஒவ்வொன்றிலும் எண் அடித்த பித்தளை வில்லை. செரோ ஆலையின் வருகைப் பலகை. உள்ளே போகும்போது தொழிலாளி தன் வில்லையை எடுத்துக்கொள்வார், வேலை முடிந்து வெளியே வரும்போது மாட்டுவார். கொக்கி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே என்று அர்த்தம். நானூற்றிருபது கொக்கிகளில் ஒன்றே ஒன்று காலி. முந்நூற்றுப் பதினெட்டு.

அந்த வில்லை நெல்சாவின் சட்டைப் பையில் இருந்தது.

டின் பிரிவில் வேலை பார்த்த அவருடைய அம்மா, ஆலையை இழுத்து மூடிய அன்று கொண்டு வந்தது. நெல்சா அதை வெளியே எடுக்கவில்லை. முழுப் பலகை என்று தெரிந்தால் அருங்காட்சியகத்துக்காரர்கள் வருவார்கள், விலை நாற்பதாயிரத்தைத் தாண்டும். அவரால் திரட்ட முடிந்தது பதினாறாயிரம்.

அவர் வில்லையைப் பைக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் கின்தேலாவின் குரல் கேட்டது. கூட நின்றவர் லௌதாரோ என்கிற அலங்கார நிபுணர். ஆற்றுக்கு எதிர்க்கரை, புவெனஸ் ஐரெஸ்காரர். கடலோர ஹோட்டல் ஒன்றுக்கு அறைச் சாவி வில்லை தேடி வந்திருந்தார்.

"நூத்திப் பத்து ரூம். வில்லைக்கு இருநூறு தர்றேன். மிச்சத்தை விருந்தாளிகளுக்கு விக்கலாம், அதுவும் எடுத்துக்கறேன்."

"ஒண்ணு குறையுது, அதனால பிரிக்கலாம். வெள்ளிக்கிழமை காலையில வாங்க, கழட்டி வைக்கிறேன்" என்றார் கின்தேலா.

நெல்சா பேருந்து நிறுத்தத்துக்குப் போகும்போதே திட்டம் போட்டுவிட்டார்.

வியாழக்கிழமை, வாராவாரம் அங்கே போகிற நானும் வலது பக்கச் சுவரோரம் நின்றேன். எட்டாவது உருப்படி, எப்போதும் புயல் என்றே காட்டும் காற்றழுத்தமானி. நெல்சாவின் குடுவை உயர்ந்தது. கின்தேலா நிமிர்ந்தார், விரல் நீட்டினார். தொள்ளாயிரம் வரை போனதும் பிளாஸ்க் தரைக்கு வந்தது. சுத்தியல் விழுந்தது. பதினான்காவது, ஒரு சாக்குத் துருப்பிடித்த சாவி. மறுபடி குடுவை, மறுபடி விரல், மறுபடி தரை.

பத்தொன்பதாவது, பஞ்சடைத்த ஞாந்து. தீக்கோழி மாதிரி நம் புல்வெளியில் ஓடுகிற அந்தப் பெரிய பறவைதான், ஆனால் இதற்கு ஒரு கண் இல்லை, வயிற்றில் தையல் விட்டிருந்தது. நெல்சா பிளாஸ்க்கை அசைக்காமல் நின்றார். வயிற்றுக்குள் ஏதோ இருக்கிறது என்று கின்தேலா முடிவு கட்டியிருக்க வேண்டும். இரண்டாயிரத்து நானூறில் பிளாஸ்க் இறங்கியது.

"ஞாந்து ஐயாவுக்கு! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" என்றார் சுகாஸ்தி.

"கின்தேலா, கல்யாணத்துக்குக் கூப்பிடு!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"பொண்ணு ஒரு கண்ணாலேயே சம்மதம் சொல்லிருச்சுய்யா!"

கின்தேலாவுக்குக் காது சிவந்தது. "ஏய் நெல்சா, இனிமே உன் மூஞ்சியையே பார்க்க மாட்டேன்!"

"என்னைக்காவது மூஞ்சியப் பார்த்திருக்கியா நீ? பிளாஸ்க்கத்தானே பார்ப்ப."

கடையே சிரித்தது. கின்தேலா எழுந்து, நாற்காலியை ஒரே வீச்சில் திருப்பி, நெல்சாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அந்த நொடி நெல்சாவின் முகம் மாறியதைக் கவனித்தேன். காரணம் பிறகுதான் புரிந்தது. மூன்று தடவை ஏமாந்த மனிதன், நான்காவது தடவை நெல்சா கேட்பதைக் கண்டால், வாங்க ஆள் காத்திருந்தாலும் பொறி என்று நினைத்து ஒதுங்கிவிடுவான், அதுதான் திட்டம். அதற்கு அவன் நெல்சாவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்க்காதபடி அவரே செய்துவிட்டார்.

இருபத்தாறாவது உருப்படி, பலகை. ஐயாயிரத்தில் தொடக்கம். குடுவை உயர்ந்தது. தன்னோடு போட்டியிடுவது யார் என்று தெரியாமலேயே கின்தேலா விரல் நீட்டிக்கொண்டிருந்தார். பத்தாயிரம். பதின்மூன்று. நெல்சா தொண்டையைச் செருமினார், கின்தேலா திரும்பவில்லை. பதினைந்தரை கின்தேலா, பதினாறு நெல்சா, பதினாறரை கின்தேலா.

பிளாஸ்க் தரைக்கு வந்தது. சுகாஸ்தி வழக்கத்தைவிட ஒரு மூச்சு அதிகமாகவே காத்திருந்தார். பிறகு அடித்தார்.

வெற்றிப் புன்னகையோடு திரும்பிய கின்தேலா முதலில் தரையிலிருந்த பிளாஸ்க்கைப் பார்த்தார்.

"இவ்வளவு நேரம் கேட்டது நீயா?"

"நான்தான்."

"அட கடவுளே! இதையும் என் தலையில கட்டிட்டியா?"

மறுபடி சிரிப்பு. நெல்சா மட்டும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஏலக்கடைக் கிடங்கில் கின்தேலா ஸ்க்ரூ டிரைவரோடும் லௌதாரோ குறட்டோடும் நின்றார்கள். ஞாந்து மூலையில் சாய்ந்திருந்தது. நெல்சா உள்ளே வந்தார்.

"வந்துட்டியா? நேத்து சிரிச்சது பத்தலையா?"

"கையில இருக்கிறதைக் கீழ வை, ரொகேலியோ. இது முழு செட்."

"ஆமாமா, ஞாந்து வயித்துல வைரம், பலகைல முழு செட். பிரிச்சுப் பார்த்தேன்டி அந்தக் கழுதையை. வைக்கோல்!"

"முந்நூத்திப் பதினெட்டு என்கிட்ட இருக்கு."

வில்லையை நீட்டினார். கின்தேலா தொடவே இல்லை.

"எங்க அடிச்ச? உங்க தெரு பூட்டுக்காரன்கிட்டயா?"

"எட்டைப் பாரு. பலகைல இருக்கிற எல்லா எட்டையும் பாரு."

"நான் எதுக்குப் பார்க்கணும்?"

"கெட்டிலை யாரும் தூக்கிப் பார்க்கல. இதையாவது பாரு."

அது தைத்தது. கின்தேலா பைக்குள்ளிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். எட்டு, பதினெட்டு, இருபத்தெட்டு. ஆலையில் எண் அடித்த அச்சில் எட்டின் கீழ் வளையம் ஓர் இடத்தில் உடைந்திருக்கிறது. எல்லா எட்டிலும் ஒரே இடத்தில் ஒரே இடைவெளி. எண்பதுகள் முடியும்வரை பார்த்தார். பிறகு நெல்சாவின் உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.

"யாரோடது?"

"எங்கம்மாவோடது. நானூத்திப் பத்தொன்பது பேரும் ஒழுங்கா மாட்டிட்டுப் போனாங்க. எங்கம்மா கோவத்துல, மாட்ட மாட்டேன் போங்கடான்னு கொண்டு வந்துட்டாங்க."

"அப்போ பலகைப்படி அந்தம்மா இன்னும் உள்ள வேலை பார்க்குது." கின்தேலா மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "நாப்பது வருஷ ஓவர்டைம்."

நெல்சா நடந்து போய் வில்லையை மாட்டினார். பித்தளை ஒருமுறை ஆடி நின்றது.

லௌதாரோ குறட்டால் முதல் வரிசையைத் தொட்டார். "ஆரம்பிக்கலாமா? ஒண்ணுலேருந்து நூத்திப் பத்து வரைக்கும்."

"முடியாது" என்றார் கின்தேலா.

"செவ்வாக்கிழமை சரின்னீங்களே!"

"செவ்வாக்கிழமை ஒண்ணு குறைஞ்சுது."

"முந்நூறு தர்றேன்."

"முழுசா எடுத்துக்கங்க. பிரிக்க மாட்டேன்."

"நாலு மீட்டர் பலகையை வெச்சு நான் என்ன பண்ண? எங்க கரையில இந்தப் பைத்தியக்காரத்தனமெல்லாம் கிடையாது சார்."

"அதான் உங்க கரையில எதுவுமே முழுசா இல்ல. குறட்டை எடுத்துட்டுப் போங்க தம்பி."

அவர் போன பிறகுதான் கின்தேலாவுக்கு அடுத்த சங்கடம் உறைத்தது. பலகையின் நீளத்தைப் பார்த்தார். "என் கடை ரெண்டேகால் மீட்டர்."

"என் காரேஜ் சுவர் அஞ்சு மீட்டர்."

"வாடகை தர மாட்டேன்."

"கேட்டேனா?"

"பலகை என்னோடது. ஆள் வந்தா முழுசா வித்துருவேன்."

"தாராளமா வித்துக்க."

"ஞாந்துவும் கூட வரும்."

நெல்சா மூலையைப் பார்த்தார். அந்த ஒற்றைக் கண்ணும் அவரைப் பார்த்தது. பதினாறாயிரம் வரை அசையாத மனுஷி, இதற்கு நிறைய யோசித்தார்.

"சரி, வரட்டும்."

இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் செரோவின் பழைய ஆலைக் குடும்பங்கள் வந்து தங்கள் எண்ணைத் தேடுகின்றன. ஞாந்துவுக்கு நெல்சா ஒரு கோட் பட்டனைக் கண்ணாகத் தைத்துவிட்டார். கின்தேலா இதுவரை மூன்று தடவை வாங்குபவர்களை அழைத்து வந்திருக்கிறார். கிளம்புவதற்கு முன் போன் செய்கிற மரியாதை அவரிடம் உண்டு. நகர மையத்திலிருந்து பேருந்து வர ஐம்பது நிமிடம் ஆகும்.

மூன்றாவது தடவை நானும் இருந்தேன். வாங்க வந்தவர் பலகையை வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஓர் இடத்தில் நின்றார்.

"முழுசுன்னு சொன்னீங்களே. ஒண்ணு காலியா இருக்கே?"

"ஆமா, ஒண்ணு குறையுது" என்றபடி நெல்சா மாத்தேயில் வெந்நீர் ஊற்றினார்.

கின்தேலா நெல்சாவின் சட்டைப் பையைப் பார்த்தார். பலகை முழுசு என்று அவருக்குத் தெரியும், அதனால் பிரிக்க முடியாது. கொக்கி காலியாக இருக்கும்வரை முழு விலைக்கும் தள்ள முடியாது. குடுவையை வாங்கி உறிஞ்சினார்.

வந்தவர் போன பிறகு நெல்சா எழுந்து முந்நூற்றுப் பதினெட்டை அதன் இடத்தில் மாட்டினார்.

"அடுத்த மாசம் இன்னொருத்தர் வர்றார்" என்றார் கின்தேலா.

"கூட்டிட்டு வா" என்றார் நெல்சா. "கிளம்பும்போது போன் பண்ணிரு."