நீரூற்றடிக் குழாய்

கிண்ணியாக்காரி நபீஸா, பல்கலைக்கழக வளாகக் கன்டீனில் பிளேன்டீ ஊற்றத் தொடங்கிய வருசம்தான் அந்த நீரூற்றுக்கும் அடிக்கல் வைத்தார்கள். யுத்தத்தில் செத்துப்போன மாணவர்களின் நினைவாக என்றார்கள். யாருடைய பெயரை முதலில் பொறிப்பது என்று குழு கூடிக் கூடிக் கதைத்ததில் நபீஸாவின் வடை வியாபாரம் மட்டும் செழித்தது. கடைசியில், ஒருவருக்கும் மனவருத்தம் வேண்டாமென்று செத்தவர் பெயர் ஒன்றுகூடப் போடவில்லை. அடிக்கல் வைத்தவர், திறந்தவர், வெள்ளையடித்து மறுபடி திறந்தவர் என்று உயிரோடிருப்பவர்களின் பெயர்கள்தான் பளிங்கில் மின்னின. தண்ணீரோ, பெரிய மனிதர் வந்தால் பாயும்; அவர் வாகனம் கேற்றைத் தாண்டியதும் நின்றுவிடும்.

நபீஸாவின் தம்பி அஷ்பாக் அங்கே படித்தவன். சண்டைக் காலத்தில் தண்ணீர் எடுக்க வாளியோடு போன இடத்தில் ஷெல் விழுந்து மௌத்தாகிப் போனான். அவன் பெயரை அந்த நீரூற்றில் ஒரு மூலையிலாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

பதிவாளர் றிஸ்வி கையை விரித்தார். "பேர் போட ஏலா ராத்தா. ஒருத்தர்ர பேரப் போட்டா எல்லாரும் வருவாங்க."

"அப்ப அவனுக்காக ஒரு குடிதண்ணிக் குழாயாவது வைக்கட்டா சேர்?"

"குழாயெண்டா வைங்க. பேர் மட்டும் வேணாம்."

நீரூற்றடியிலேயே வைத்தாள். வளாகமே அங்கே வந்து குடித்தது. கூட்டத்தைக் கண்ட றிஸ்விக்குக் கை சும்மா இருக்குமா? அடுத்த நினைவு தினத்தில் குழாய்க்கு நாடா கட்டி வெட்டி, மேலே தன் பெயரைக் கல்லில் பதித்துவிட்டார்.

அந்தப் பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாயில் ஒருவர் பெயர் இருந்தால், அவர் மௌத்தாகிவிட்டார், வீட்டார் அவருக்காகச் செய்த தர்மம் அது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். குடிப்பவர்கள் அவர் அடங்கியிருக்கும் கப்றுக்காக இறைவனிடம் துஆவும் கேட்பார்கள். றிஸ்விக்கு இது தெரியாததல்ல. தன் பெயரைப் பளிங்கில் கண்ட சந்தோசத்தில் மனுசனுக்கு எல்லாம் மறந்துபோயிற்று. நபீஸாவோ, வருகிறவர் போகிறவரெல்லாம் குடிக்கட்டுமென்று குழாயடியில் ஒரு குவளையும் கட்டிவைத்தாள்.

மறுகிழமை மூதூரிலிருந்து வந்த வான் சாரதி ஸைனுலாப்தீன் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கையேந்தினார். "யா அல்லாஹ், இந்த றிஸ்விட கப்றை விசாலமாக்கு!" பிறகு, பக்கத்தில் வந்து நின்றவரிடம் பரிவோடு கேட்டார்: "நீங்க அவர்ர சொந்தமா சேர்? எப்ப மௌத்தானாரு?"

பக்கத்தில் நின்றது றிஸ்விதான். வியர்க்க விறுவிறுக்கக் கன்டீனுக்குள் ஓடிவந்தார்.

"ராத்தா, உங்கட தம்பிட பேர் என்ன? இண்டைக்கே மாத்துறன்."

"பேர் போட்டா எல்லாரும் வருவாங்கண்டு சொன்னீங்களே சேர்?"

"வரட்டும் ராத்தா, வரட்டும்! என்ட பேரை முதல்ல எடுக்கணும்."

பின்னேரமே கல் மாறியது. தண்ணீர் குடித்த மாணவி ஒருத்தி அண்ணாந்து பார்த்து, "அஷ்பாக்" என்று வாய்விட்டு வாசித்தாள். அந்தப் பெயரை வேறொரு வாய் சொல்லிக் கேட்டு எத்தனை வருசம்! நபீஸா கேத்தலை அப்படியே வைத்துவிட்டு, கன்டீன் முழுக்கப் பார்த்திருக்க, விம்மி விம்மி அழுதாள்.