வடிவு காக்கும் ஒன்பது மீட்டர்

ஒரு ஷாம்பு பாட்டிலைச் சிமெண்டுத் தரையில் தட்டி, காதைக் கொஞ்சம் சாய்த்து, பக்கத்துச் சாக்கில் எறிகிறாள் சண்முகவடிவு. அடுத்தது பால் கேனின் உடைந்த பிடி. அதைத் தட்டவே இல்லை. நகத்தால் ஒரு கீறல், வேறு சாக்கு. அடுத்து வந்த மூடியில் அவளுக்குச் சந்தேகம். இரண்டு முறை தட்டினாள், முகர்ந்து பார்த்தாள், "இது கலப்பு மால். இத நல்லதுன்னு வாங்குனவன் ஏமாந்துட்டான்" என்று தனியாக ஒதுக்கி வைத்தாள். தாராவி பதிமூன்றாம் காம்பவுண்டில், மன்சூர் அலியின் பட்டறையில், காலை ஒன்பது மணியிலிருந்து இதுதான் வேலை. பக்கத்துக் கொட்டகையில் பிளாஸ்டிக்கை அரைக்கும் கிரைண்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது. எதிரே இருப்பவர் வாயைப் பார்த்தால்தான் நமக்குப் பேச்சு விளங்கும். வடிவுக்கோ அந்த இரைச்சலுக்கு அடியில் ஒரு மூடி விழும் ஓசை தனியாகக் கேட்கிறது.

வயது முப்பத்தொன்று. பதினொரு வயதில் காய்ச்சலோடு பார்வை முழுவதும் போய்விட்டது. இந்தப் பட்டறையில் பழைய டப்பாக்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற இவள்தான் பார்வையற்றோருக்கான இந்திய மகளிர் கோல்பால் அணியின் நடு ஆட்டக்காரி. மன்சூர் அலி இதைப் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு வியாபாரியிடமும் சொல்லிவிடுகிறார். சரக்கைப் பற்றிப் பேச வந்தவர் சரக்கை மறந்துவிட்டு இவளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "அண்ணே, அவுங்கள வேலையப் பாக்கச் சொல்லுங்க. நான் என்ன பொருட்காட்சியா?" என்பாள் வடிவு, தலையைத் தூக்காமல். ஆனால் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடும். பெருமை பிடிக்காத மனுஷி என்று அவளை யாரும் சொல்ல முடியாது.

தரம் பார்ப்பது மகள். நிறம் பார்ப்பது தாய். எதிரே கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் முருகம்மாள், வடிவு பிரித்துப் போட்டதை வெள்ளை, கறுப்பு, கலர் என்று மறுபடி பிரிக்கிறாள். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். இருபது வருஷமாகக் கிரைண்டருக்கு மேலே பேசிப் பேசி, ஆஸ்பத்திரி வரிசையில் நின்றாலும் அவள் குரல் அதே அளவில்தான் வரும். தள்ளுவண்டி வருகிறதா, தரையில் கண்ணாடிச் சில்லு கிடக்கிறதா, சாக்கு இடம் மாறிவிட்டதா, எல்லாவற்றுக்கும் அவளிடம் இரண்டே திசைகள். "சோத்தாங்கைப் பக்கம்ளா", "பீச்சாங்கைப் பக்கம்ளா". இத்தனை வருஷம் பம்பாயில் இருந்தும் அதற்கு ஹிந்தியில் என்ன என்று அவள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. மகளின் கையும் காலும் அந்தக் குரலுக்கு யோசிக்காமலே திரும்பிப் பழகிவிட்டன.

கோல்பால் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு வடிவிடம் ஒரு சுருக்கமான விளக்கம் இருக்கிறது. "பந்துக்குள்ள மணி கெடக்கும். அந்தால இருந்து மூணு பேரு உருட்டி விடுவாளுவ. இந்தால நாங்க மூணு பேரு விழுந்து மறிக்கணும். அவ்ளோதான். ஆனா விழணும் பாருங்க, அதுலதான் இருக்கு." பந்து ஒன்றேகால் கிலோ. நல்ல கை எறிந்தால் மணிச்சத்தம் கிளம்பியது தெரியும், அடுத்த மூச்சில் விலாவில் வந்து மோதும். பந்து ஓடும்போது அரங்கில் சிறு சத்தமும் கூடாது. கைதட்டலும் கூச்சலும் ஆட்டம் நிற்கிறபோதுதான். கொஞ்சம் பார்வை மிச்சமிருப்பவர்களும் ஆடுவதால் எல்லோருக்கும் கறுப்புக் கண்மூடி கட்டாயம். நடுவரைக் கேட்காமல் அதில் விரல் பட்டாலே குற்றம். "இருட்டுக்கு எதுக்கு சார் திரை?" என்று வடிவு முதல் நாளே பயிற்சியாளர் நம்பிராஜனிடம் கேட்டாள். மாதுங்காவில் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். "ரூல்னா ரூல்தாம்மா. போட்டுக்கோ" என்றார்.

அவர்கள் காக்க வேண்டிய கோலின் அகலம் ஒன்பது மீட்டர். தாராவியில் ஒன்பது மீட்டர் அகலத்தில் ஒரு சந்து கிடையாது. வடிவின் வீடு பத்தடிக்குப் பத்தடி; அதில் அவள், தாய், தம்பி, தம்பி மனைவி, தையல் மெஷின். "வீட்ல பொரண்டு படுத்தா செவுரு. அங்க போனா ஒம்பது மீட்டர் எனக்குன்னு கெடக்கு சார். கையக் காலப் பரத்திப் போட்டு விழுந்தாலும் ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க" என்கிறாள். இடுப்பின் இரு பக்கமும் கன்றிப்போய் எப்போதும் நீலம். அதில் அவள் எண்ணெய் தடவிக்கொள்வதோடு சரி.

வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் வடாலா மண்டபத்தில் பயிற்சி. பந்தை அரிசிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் பெண்கள் பெட்டியில் உட்காருவாள். ரயில் குலுங்கும்போது பை கிணுகிணுக்கும். ஒரு நாள் பக்கத்தில் இருந்த அம்மாள் பூஜை சாமான் என்று நினைத்துப் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். வடிவு மறுக்கவில்லை. "நல்லா கும்பிட்டுக்கிடட்டும். அதுலயும் ஒரு கோல் தடுத்தா சரிதான்."

அணியில் ஆறு பேர். ஆட்டத்தில் வடிவின் ஒரு புறம் ஆண்டாப் ஹில்லில் வளர்ந்த நாகர்கோவில் பெண் சுஜா. மறு புறம் ஹரியானாக்காரி ஒருத்தி. தங்களுக்குள் ஹிந்தி. ஆட்டத்தில் அதுவும் கிடையாது, தரையில் தட்டுவதுதான் பேச்சு. ஒரு தட்டு 'இங்கே இருக்கிறேன்', இரண்டு தட்டு 'பந்தை எனக்குக் கொடு'. முதுகில் இந்தியா என்று எழுதிய சட்டையை வடிவு துவைத்துக் காயப்போடும்போது எழுத்து வெளியே தெரியும்படிதான் கொடியில் போடுவாள். எழுத்து எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் போடுவாள்.

சென்ற டிசம்பரில் நான்கு நாட்டு அணிகள் ஆடிய தகுதிப் போட்டி செம்பூரிலேயே நடந்தது. முதலிடம் பெறும் ஒரே அணிக்குத்தான் அடுத்த பெரிய போட்டியில் இடம். அதற்கு முன் இரண்டு முறை வடிவின் அணி கடைசி ஆட்டம் வரை போய்த் தோற்றுத் திரும்பியிருந்தது. இரண்டாவது முறை, தோற்கடித்த கோல் வடிவின் கைக்கடியில்தான் நழுவிப் போனது. அந்த ஊரின் பெயரை இன்றும் அவள் வாயால் சொல்வதில்லை. "அந்த எடம்" என்பாள். இந்த முறையும் தோற்றால் நடு இடத்துக்கு இளைய பெண் ஒருத்தியைப் பழக்குவார்கள் என்று பேச்சு இருந்தது. நம்பிராஜன் அதை மறைக்கவில்லை. வடிவும் கேட்காததுபோல் இருக்கவில்லை.

இறுதி ஆட்டத்தன்று மன்சூர் அலி கிரைண்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு, காம்பவுண்டிலிருந்து பதினெட்டுப் பேரோடு வந்து இறங்கினார். முருகம்மாளும் வந்தாள். வடிவு ஆடத் தொடங்கிய ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "எம்மவ பொத்துப் பொத்துனு விழுதத நான் எதுக்கு வந்து பாக்கணும்?" என்று அதுவரை ஒதுங்கியே இருந்தவள். வாசலில் வடிவு தாயின் கையைப் பிடித்து, "யம்மா, பந்து உருளும்போது மூச்சுச் சத்தங்கூட வரப்படாது, என்ன?" என்றாள்.

"எனக்குத் தெரியாதாளா? நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றாள் முருகம்மாள். அதற்கே நுழைவுச் சீட்டு வாங்குகிற வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

வெளிநாட்டு அணி நல்ல அணி. ஆனாலும் கடைசி நிமிஷத்தில் நம் பக்கம் ஐந்து, அவர்கள் பக்கம் நான்கு. இன்னும் ஏழு வினாடி இருந்தது. பந்தைத் தடுத்து எழுந்த வடிவின் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்தது. பட்டறையில் ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற காரியத்தை அவள் கை தானாகச் செய்துவிட்டது. புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். கண்மூடி அசைந்தது. விசில்.

தண்டனை என்றால், தவறு செய்தவள் தனியாக நின்று ஒரு பந்தை எதிர்கொள்ள வேண்டும். சுஜாவும் ஹரியானாக்காரியும் வெளியே போய்விட்டார்கள். அந்த ஒன்பது மீட்டரில் வடிவு மட்டும். தரைக் கோட்டின் அடியில் ஒட்டியிருக்கும் கயிற்றைக் காலால் தேடி நடுவில் வந்து நின்றாள். எதிரே எறியப்போகிறவள் அந்த அணியிலேயே பலமான கை. நடுவர் "குவைட் ப்ளீஸ்" என்றார். அரங்கம் அடங்கியது.

பந்து கிளம்பியது. மணி கேட்டது. கூடவே, "பீச்சாங்கைப் பக்கம்ளா!" என்று ஒரு குரலும் கேட்டது.

வடிவு இடது பக்கம் பாய்ந்தாள். பந்து அவள் வயிற்றில் வந்து மோதி நின்றது.

தடுத்தாகிவிட்டது. ஆனால் எதிரணிப் பயிற்சியாளர் எழுந்து கையை விரித்துக்கொண்டு நடுவரிடம் வந்தார். நடுவர் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி. வெறும் ஆரவாரம் என்றால் தடுத்தது செல்லும். திசை சொல்லியிருந்தால் செல்லாது. அந்தக் குரல் என்ன சொன்னது என்று மேஜையில் இருந்தவர்களைக் கேட்டார். அங்கே மராட்டி தெரியும், ஹிந்தி தெரியும், ஆங்கிலம் தெரியும். பீச்சாங்கை யாருக்கும் தெரியவில்லை. நம்பிராஜனைக் கூப்பிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் வடிவு தரையிலிருந்து எழுந்து கையை உயர்த்தினாள்.

"சார், அது எங்கம்மா. எந்தப் பக்கம்னு சொல்லிட்டா. திரும்பப் போடச் சொல்லுங்க."

நம்பிராஜன் குரலைத் தாழ்த்தினார். "வடிவு, பேசாம இரும்மா. அந்த பாஷை இங்க யாருக்கும் புரியாது."

"எனக்குப் புரிஞ்சுதே, சார்."

அவர் போய் நடுவரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். பீச்சாங்கைக்கு ஆங்கிலத்தில் இடது கை என்று மட்டும் சொல்லி முடித்துக்கொண்டார். மற்ற விவரங்களுக்குள் போகவில்லை. பின்னால் இதைப்பற்றி வடிவிடம் கேட்டால், "பந்தக் கேட்டு விழுந்தனா, அம்மாவக் கேட்டு விழுந்தனான்னு எனக்கே தெரியல சார். தெரியாத ஒண்ண வச்சுக்கிட்டு எப்படி ஜெயிச்சேன்னு சொல்லுதது?" என்கிறாள். இதைச் சொல்லும்போதும் கையில் இருக்கிற டப்பாவைத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். எனக்குத் தெரிந்து எத்தனையோ பேர் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்து மாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மறுபடி எறிய நடுவர் உத்தரவிட்டார். மறுபடி "குவைட் ப்ளீஸ்". இந்தத் தடவை அரங்கத்தில் ஒரு நாற்காலிகூட முனகவில்லை. உள்ளங்கை ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வடிவு குனிந்தாள். 'அந்த எடம்' ஞாபகத்துக்கு வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றாள். அப்போது பயமாக இருந்ததா என்று கேட்டேன். "பின்ன, இல்லாமயா?" என்றாள்.

பந்து கிளம்பியது. மணிச்சத்தம் முதலில் நேரே வருவதுபோல் இருந்தது. பாதி தூரத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் விலகியது. வேறு எந்த ஓசையும் இல்லை. வடிவு உடம்பை முழுதாக நீட்டி விழுந்தாள். பந்து விரல் நுனியில் பட்டு, மணிக்கட்டில் ஏறி, அவளைத் தாண்டப் பார்த்தது. கையை மடக்கித் தலையோடு சேர்த்து அதை அமுக்கினாள். மணி நின்றது. கோல் கோட்டுக்கும் பந்துக்கும் ஒரு சாண் இருந்ததாக மன்சூர் அலி சொல்கிறார். நான்கு விரல்தான் என்கிறாள் சுஜா. அவள் பிறகு தடவிப் பார்த்தவள்.

தண்டனைப் பந்துக்குக் கடிகாரம் ஓடாது; மிச்சம் அதே ஏழு வினாடி. பந்து கைக்கு வந்தபின் எறியப் பத்து வினாடி அவகாசம் உண்டு. உள்ளே திரும்பி வந்த சுஜா அதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். ஊதல் ஒலித்தது.

அதன்பிறகு அரங்கில் எழுந்த கூச்சலைக் கிரைண்டரோடுதான் ஒப்பிட வேண்டும். பதிமூன்றாம் காம்பவுண்டு நாற்காலிகள்மேல் ஏறி நின்றது. மன்சூர் அலி யாரையோ கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். அது எதிரணியைச் சேர்ந்தவர் என்று பின்னால்தான் தெரிந்தது. சுஜாவும் மற்றவர்களும் வடிவின்மேல் விழுந்து, தூக்கி, இறக்கினார்கள். நடுவர் அனுமதி தந்ததும் கண்மூடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வடிவு நின்று கேட்டாள். தமிழ், ஹிந்தி, சீழ்க்கை, எல்லாம் கேட்டது. எந்த இரைச்சலிலும் தனியாகக் கேட்கிற அந்த ஒரு குரல் மட்டும் கேட்கவில்லை.

அது முன்பு எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியும். யார் கையையும் பிடிக்காமல் மைதானத்தின் குறுக்கே நடந்தாள். தடுப்புக் கம்பியில் முழங்கால் இடித்தது, தாண்டினாள். முதல் வரிசையில் யாருடைய தோளையோ தொட்டு, அது இல்லை என்று விட்டு, அடுத்த தோளைத் தொட்டாள். அந்தத் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. முகத்தைத் தடவிப் பார்த்தாள். கன்னம் நனைந்திருந்தது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கைகள், ஒன்றின்மேல் ஒன்றாக, பல் பதிகிற அளவுக்கு அழுத்தியபடி இருந்தன.

"ஆட்டம் முடிஞ்சிட்டும்மா" என்றாள் வடிவு. கைகள் அசையவில்லை. அவள் தாயின் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, சுண்டுவிரலில் தொடங்கி, அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.